கிளையா, துணை நிறுவனமா? அயல்நாட்டில் கால்பதிக்கும் வங்கியின் முன்னுள்ள வழிகள்

2023 மார்ச் 10 அன்று கலிஃபோர்னியாவில் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டபோது, அதன் பெயரில் அயல்நாடுகளில் இயங்கிவந்த அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கதி நேரவில்லை. லண்டனில் இருந்தது தனியே பதிவு செய்யப்பட்ட துணை நிறுவனம். மூன்றே நாளில் ஹெச்எஸ்பிசி வங்கி அதை ஒரு பவுண்டு விலைக்கு வாங்கிக்கொண்டதால் டெபாசிட்தாரர்களின் பணம் தப்பியது. கேமன் தீவுகளில் இருந்ததோ கிளை மட்டுமே. அங்குப் பணம் வைத்திருந்தவர்களுக்கு அமெரிக்க டெபாசிட் காப்பீடு பொருந்தாது என்று அறிவிக்கப்பட்டு, பிணையின்றிக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் அவர்கள் நிறுத்தப்பட்டார்கள். லண்டன் அலுவலகமும் 2022 ஆகஸ்ட் வரை கிளையாகத்தான் இருந்தது. அந்த மாற்றம் ஓராண்டு தள்ளிப்போயிருந்தால் லண்டன் வாடிக்கையாளர்களின் நிலையும் வேறாகியிருக்கும்.

பிற நாடொன்றில் தொழில் தொடங்க நினைக்கும் வங்கிக்குப் பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. வணிகம் எதுவும் செய்யாத பிரதிநிதி அலுவலகம் ஒன்று. தாய் வங்கியின் சட்டப்பூர்வ உடலிலிருந்து பிரியாத கிளை மற்றொன்று. உள்ளூர்ச் சட்டப்படி தனி மூலதனத்தோடும் தனி இயக்குநர் குழுவோடும் அமையும் துணை நிறுவனம் மூன்றாவது. இவற்றுள் எதைக் கொள்வது என்ற கேள்வி பெரும்பாலும் வரித்துறை ஆலோசகர்களின் மேசைக்குத்தான் முதலில் போகிறது. அவர்களும் இரண்டு வரி விகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி விடை தருகிறார்கள். என் பார்வையில் இந்த வரிசையே தலைகீழானது. யாருடைய பணத்தை வாங்கப்போகிறோம் என்பதை முதலிலும், மூலதனத்தை எங்கே கட்டிவைக்க வேண்டியிருக்கும் என்பதை அடுத்தும் தீர்த்த பிறகே வரியைப் பார்க்க வேண்டும்; வரிக்குள்ளும் எல்லோர் கண்ணிலும் படும் விகிதத்தைவிட, வரிக்குரிய லாபம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதே பல சமயங்களில் முடிவை மாற்றுகிறது.

பிரதிநிதி அலுவலகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சந்தையை அறியவும், தொடர்புகளை வளர்க்கவும், தாய் வங்கிக்குத் தகவல் அனுப்பவும் மட்டுமே அதற்கு அனுமதி உண்டு. துணைப்பணிகளை மட்டும் செய்யும் அலுவலகம் வரி ஒப்பந்தங்களின்படி நிரந்தர அமைவிடம் (ஒரு நாடு லாபத்துக்கு வரி விதிக்க அடிப்படையாகும் நிலையான தொழிலிடம்) ஆகாது என்பதால் அதற்கு வருமான வரியும் பொதுவாக இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த ஒரு பணப்பரிமாற்ற நிறுவனத்தின் இந்தியத் தொடர்பு அலுவலகங்களுக்கு 2020 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் இதே அடிப்படையில்தான் விலக்கு அளித்தது. ஆனால் நிறுவனங்கள் லாபத்தைக் குறைந்த வரி நாடுகளுக்கு நகர்த்துவதைத் தடுக்க 2015இல் பல நாடுகளின் ஒத்துழைப்போடு வெளிவந்த வரி அடித்தள அரிப்புத் தடுப்புத் திட்டத்தின் ஏழாம் நடவடிக்கை இந்த விலக்கை இறுக்கியது. ஒப்பந்தம் உருவாவதில் முதன்மைப் பங்கு வகிக்கும் ஊழியரை அங்கு வைத்துக்கொண்டு, கையெழுத்து மட்டும் தலைமை அலுவலகத்தில் போடப்படுகிறது என்று வாதிட்டுத் தப்புவது, அந்த விதியை ஏற்ற ஒப்பந்தங்களில் இனி எளிதன்று. கடன் விதிமுறைகளைப் பேசி முடிக்கும் மூத்த அதிகாரியை அங்கு அமர்த்தினால் அது பெயரளவில்தான் பிரதிநிதி அலுவலகம்.

உள்ளூரில் அலுவலகமே இல்லாமல் தாய்நாட்டிலிருந்தபடியே கடன் கொடுப்பது சொல்லப்படாத நான்காம் வழி. அதுவும் குறுகிவருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய வங்கிச் சட்டத் திருத்தத்தின்படி, ஒன்றியத்துக்கு வெளியே உள்ள வங்கிகள் டெபாசிட் பெறுதல், கடன் வழங்குதல், உத்தரவாதம் அளித்தல் ஆகிய அடிப்படைச் சேவைகளைச் சில விலக்குகள் நீங்கலாக, 2027 ஜனவரி 11 முதல் அங்கு ஒரு கிளையேனும் அமைத்தே வழங்க முடியும்.

யாருடைய பணம் என்ற கேள்வி

கிளைக்கும் துணை நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாடு மேற்பார்வையில்தான் தொடங்குகிறது. 1974இல் ஜெர்மனியின் ஹெர்ஷ்டாட் வங்கி சரிந்த பின் அமைக்கப்பட்ட, பல நாட்டு வங்கி மேற்பார்வையாளர்களைக் கொண்ட பாசெல் குழு, மறு ஆண்டே தாய்நாட்டு மேற்பார்வையாளருக்கும் விருந்தோம்பும் நாட்டு மேற்பார்வையாளருக்கும் இடையே பொறுப்பைப் பகிர்ந்தது. கிளையின் கடன் தீர்க்கும் திறனுக்குத் தாய்நாடு முதன்மைப் பொறுப்பு. துணை நிறுவனத்தின் திறனுக்கு விருந்தோம்பும் நாட்டுக்கும் பெரும்பங்கு. ஏட்டில் இது தெளிவான பிரிவினைதான். இரண்டு மேற்பார்வையாளர்களும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட முடியும் என்பதை 1991 ஜூலையில் மூடப்பட்ட பேங்க் ஆஃப் கிரெடிட் அண்ட் காமர்ஸ் இன்டர்நேஷனல் (பிசிசிஐ) வங்கி காட்டியது. லக்சம்பர்க்கிலும் கேமன் தீவுகளிலும் பதிவாகி, உண்மையில் லண்டனிலிருந்து இயங்கிப் பல நாடுகளில் பரவியிருந்த அந்த வங்கியை முழுமையாகப் பார்க்கும் கண் எதுவுமே இருக்கவில்லை.

அதைவிடக் கூர்மையான பாடம் 2008இல் ஐஸ்லாந்திலிருந்து வந்தது. லாண்ட்ஸ்பாங்கி என்ற ஐஸ்லாந்து வங்கி, ஐஸ்சேவ் என்ற பெயரில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் இணையவழிச் சேமிப்புக் கணக்குகளைத் திறந்து அதிக வட்டி தந்தது. அவை கிளையின் கணக்குகள். எனவே அடிப்படைக் காப்பீடு ஐஸ்லாந்தின் காப்பீட்டு நிதியைச் சேர்ந்தது, ஒருவருக்கு 20,887 யூரோ வரை. வங்கி விழுந்தபோது, சில லட்சம் பேரே வாழும் அந்த நாட்டின் நிதியில் அதற்கேற்ற பணம் இல்லை. பிரிட்டிஷ் அரசும் டச்சு அரசும் தம் மக்களுக்குத் தாமே கொடுத்துவிட்டு ஐஸ்லாந்திடம் கேட்டன. ஐஸ்லாந்து வாக்காளர்கள் 2010இலும் 2011இலும் பொதுவாக்கெடுப்பில் மறுத்தார்கள். 2013 ஜனவரியில் ஐரோப்பியத் தடையற்ற வர்த்தகச் சங்கத்தின் (ஈஎஃப்டிஏ) நீதிமன்றமும் ஐஸ்லாந்து அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. அதே வாரங்களில் சரிந்த மற்றோர் ஐஸ்லாந்து வங்கியான கௌப்திங், பிரிட்டனில் துணை நிறுவனம் வைத்திருந்தது. அதன் இணையவழிச் சேமிப்புக் கணக்குகள் பிரிட்டிஷ் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் இருந்தன. அவை உடனடியாக வேறொரு வங்கிக்கு மாற்றப்பட்டன.

இத்தகைய நிகழ்வுகளைக் கண்ட பல நாடுகள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: சாதாரண மக்களின் டெபாசிட் வேண்டுமென்றால் உள்ளூரில் நிறுவனமாகப் பதிவு செய்யுங்கள். அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு, காப்பீடு பெற்ற சில்லறை டெபாசிட்டுகளைப் புதிய அயல்நாட்டுக் கிளை ஏற்க முடியாது. சீனா 2006 டிசம்பரில் உள்ளூர் நாணயத்தில் முழுமையான சில்லறை வணிகத்தைத் துணை நிறுவனங்களுக்கு மட்டும் திறந்துவிட்டது. கிளைகள் சீனக் குடிமக்களிடம் பெறும் ஒவ்வொரு டெபாசிட்டும் குறைந்தது 10 லட்சம் யுவானாக இருக்க வேண்டும் என்றது. நியூசிலாந்தோ தன் டெபாசிட்தாரர்கள் ஆஸ்திரேலிய டெபாசிட்தாரர்களுக்குப் பின்னால் நிற்க நேரும் என்று அஞ்சியது, ஏனெனில் ஆஸ்திரேலியச் சட்டம் வங்கி வீழ்ந்தால் உள்நாட்டு டெபாசிட்டுகளுக்கே முன்னுரிமை தருகிறது. 2006இல் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட்பாக் வங்கி அங்கு உள்ளூர் நிறுவனமானது. அண்மையில் அயல்நாட்டுக் கிளைகளை மொத்த வணிகத்தோடு, அதாவது நிறுவனங்களுடனான வணிகத்தோடு மட்டும், நிறுத்திக்கொள்வது என்றும் அந்நாட்டு ரிசர்வ் வங்கி முடிவெடுத்திருக்கிறது.

ஆகவே திட்டத்தில் சில்லறை டெபாசிட் இருந்தால் கிளையின் வரிச் சாதகங்களை எண்ணிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. இன்று அனுமதி கிடைத்தாலும் வளர்ந்த பிறகு மாற்றச் சொல்வார்கள். கீழே வரும் ஒப்பீடு பெரும்பாலும் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கவும், வர்த்தக நிதி, அந்நியச் செலாவணி, கருவூலப் பணிகளைச் செய்யவும் போகும் வங்கிக்கே உரியது.

மூலதனம் எங்கே உறங்கும்

அத்தகைய வங்கிக்குக் கிளை தரும் முதல் வசதி, தாய் வங்கியின் முழு மூலதனத்தையும் முதுகில் சுமந்து நிற்பது. ஒரே வாடிக்கையாளருக்குத் தரும் கடன், வங்கியின் ‘அடுக்கு ஒன்று’ மூலதனத்தின் (இழப்பை முதலில் தாங்கும் மூலதனத்தின்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பாசெல் விதி. துணை நிறுவனத்தின் சிறிய மூலதனத்தை வைத்து இதைக் கணக்கிட்டால், தாய் வங்கியின் பெரிய வாடிக்கையாளருக்கே அங்குக் கடன் கொடுக்க முடியாமல் போகலாம். கடன் மதிப்பீடும் அப்படித்தான்: கிளைக்குத் தாயின் மதிப்பீடு, துணை நிறுவனத்துக்குத் தனி மதிப்பீடு, பெரும்பாலும் ஒரு படி கீழே, அதனால் நிதி திரட்டும் செலவு ஒரு படி மேலே.

ஆனால் இந்த வசதி எல்லா நாடுகளிலும் அப்படியே கிடைப்பதில்லை. இந்தியாவில் அயல்நாட்டு வங்கியின் கிளைகளும் உள்ளூரில் ஒதுக்கப்பட்ட மூலதனத்தை வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் கூட்டாட்சி உரிமம் பெற்ற கிளை தன் பொறுப்புகளின் 5 சதவீதத்துக்குக் குறையாத வைப்பை அங்கு வைத்திருக்க வேண்டும். 2008க்குப் பிறகு விருந்தோம்பும் நாடுகள் வேலியை உயர்த்திக்கொண்டே வருகின்றன. கிளைகள் நீங்கலாக 5,000 கோடி டாலர் சொத்தை அமெரிக்காவில் வைத்திருக்கும் வங்கிகள், தம் துணை நிறுவனங்களை எல்லாம் ஒரே இடைநிலை நிறுவனத்தின் கீழ்க் கொண்டுவர வேண்டும் என்ற விதி 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 4,000 கோடி யூரோ வரம்போடு அதைப் போன்ற கட்டளையை இட்டது. அமெரிக்க விதியில் வரும் ‘கிளைகள் நீங்கலாக’ என்ற அந்தச் சொற்களைக் கவனிக்க வேண்டும்: சொத்தை எந்த வடிவத்தில் பதிகிறோம் என்பதைப் பொறுத்து வரம்புக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்க முடிகிறது. பயனுள்ள இடைவெளிதான், எவ்வளவு காலம் திறந்திருக்கும் என்பதை நம்பித் திட்டம் வகுப்பது மட்டும் அறிவுடைமை ஆகாது.

வரி விகிதமும் அதன் பின்னால் இருப்பதும்

விகிதங்களையே முதலில் பார்ப்போம், ஏனெனில் நாட்டுக்கு நாடு விடை தலைகீழாவது அங்கேயே தெரிகிறது. இந்தியாவில் கிளை என்பது அயல்நாட்டு நிறுவனம். 2024ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதற்கான விகிதத்தை 40 சதவீதத்திலிருந்து 35 ஆகக் குறைத்தது. வருமானம் 10 கோடி ரூபாயைத் தாண்டினால் மிகைவரியும் செஸ்ஸும் சேர்ந்து 38.22 சதவீதம் ஆகும். இந்தியத் துணை நிறுவனம் சலுகை விகிதத்தைத் தேர்ந்தால் மொத்தம் 25.17 சதவீதம். இந்த 13 சதவீத வேறுபாட்டைக் கண்டவுடன் முடிவெடுத்துவிடக் கூடாது. கிளை தன் லாபத்தைத் தாய்நாட்டுக்கு அனுப்பும்போது மேலும் வரி இல்லை. துணை நிறுவனம் ஈவுத்தொகையாக அனுப்பும்போது வரிப்பிடித்தம் உண்டு. இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் விகிதம் 10 சதவீதமாக இருந்தால் 100 ரூபாய் லாபத்தில் மொத்த வரி 32.65 ரூபாய், 15 சதவீதமாக இருந்தால் 36.39 ரூபாய். அப்போது வேறுபாடு இரண்டு ரூபாய்க்கும் கீழே வந்துவிடுகிறது. லாபத்தை அங்கேயே மறுமுதலீடு செய்து வளரப்போகும் வங்கிக்கு மட்டுமே 25.17 என்ற எண் உண்மையானது.

அமெரிக்காவில் கிளைக்கும் நிறுவனத்துக்கும் ஒரே கூட்டாட்சி விகிதம், 21 சதவீதம். ஆனால் 1986இல் கொண்டுவரப்பட்ட கிளை லாப வரி, மறுமுதலீடு செய்யப்படாத லாபத்தின் மேல் 30 சதவீதத்தைக் கூட்டுகிறது. ஒப்பந்தம் இல்லாத நாட்டின் வங்கிக்கு மொத்தச் சுமை 44.7 சதவீதம் வரை ஏறும். ஒப்பந்தத்தால் அந்த 30 என்பது 5 ஆகக் குறைந்தால் மொத்தம் 25 சதவீதத்தைக்கூட எட்டாது. ஆக, தாய் வங்கி எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதே அங்கு விகிதத்தைத் தீர்மானிக்கிறது.

இனி விகிதத்தின் பின்னால் இருப்பதற்கு வருவோம். கிளை தனி நபர் அல்ல; அது தலைமை அலுவலகத்திடம் வாங்கிய பணத்துக்குக் கொடுக்கும் வட்டி, சட்டத்தின் பார்வையில் தனக்குத் தானே கொடுத்துக்கொள்வது. ஆனால் வங்கியின் மூலப்பொருளே பணம் என்பதால், அந்த வட்டியைச் செலவாக ஏற்காமல் லாபத்தைக் கணக்கிட முடியாது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு, 2008இலும் 2010இலும் வெளியிட்ட அறிக்கைகளில் ஒரு வழியை வகுத்தது: கிளையைத் தனி நிறுவனமாகக் கற்பனை செய்து, இடரை ஏற்றும் நிர்வகித்தும் முடிவெடுக்கும் ஊழியர்கள் எங்கிருக்கிறார்களோ அங்குச் சொத்தைச் சேர்த்து, அந்தச் சொத்துக்குத் தேவையான வட்டியில்லா மூலதனத்தையும் கிளைக்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட மூலதனத்தின் அளவுக்கு வட்டிச் செலவு குறையும், வரிக்குரிய லாபம் கூடும்.

இந்தக் கற்பனை மூலதனம் எவ்வளவு என்பதுதான் உண்மையான சண்டைக்களம். பிரிட்டனின் நேஷனல் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கி, தன் அமெரிக்கக் கிளையின் வட்டிச் செலவை அமெரிக்கச் சூத்திரப்படி குறைக்கக் கூடாது, கிளையின் கணக்கேடுகளையே ஏற்க வேண்டும் என்று நீண்ட காலம் வழக்காடி, 2008இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. ஏறத்தாழ அதே வகையான ஒப்பந்த வாசகத்தை வைத்துக்கொண்டு, தம் பிரிட்டிஷ் கிளைகளுக்குக் கற்பனை மூலதனம் ஒதுக்கியது செல்லாது என்று வாதிட்ட அயர்லாந்து நிதி நிறுவனங்கள், 2020இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றன. கிளையைத் தேர்ந்தெடுக்கும் வங்கி, வரி விகிதத்தோடு இந்த நிச்சயமின்மையையும் சேர்த்தே வாங்குகிறது. துணை நிறுவனத்துக்கு இச்சிக்கல் குறைவு: மூலதனம் உண்மையானது, வட்டி ஒப்பந்தப்படி கொடுக்கப்படுவது, சந்தை விலையில் நடந்ததா என்ற கேள்வி மட்டும் எஞ்சும்.

தலைமை அலுவலகச் செலவுகளிலும் இதே நிலைதான். இந்தியச் சட்டம் கிளையின் கணக்கில் ஏற்றப்படும் தலைமை அலுவலக நிர்வாகச் செலவைத் திருத்தப்பட்ட மொத்த வருமானத்தின் 5 சதவீதத்தோடு நிறுத்திவிடுகிறது. கிளை தலைமை அலுவலகத்துக்குக் கொடுக்கும் வட்டியும் இந்தியாவில் வரிக்குரிய வருமானமே என்று 2015இல் சட்டம் திருத்தப்பட்டது.

மறைமுக வரியைப் பலர் கடைசியாகவே நினைக்கிறார்கள். வங்கிச் சேவைகள் பெரும்பாலும் மதிப்புக்கூட்டு வரியிலிருந்து விலக்குப் பெற்றவை. அதனால், தான் வாங்கும் சேவைகளுக்குக் கட்டிய வரியை வங்கி திரும்பப் பெற முடியாது, அது செலவாகவே தங்கிவிடும். தலைமை அலுவலகம் கிளைக்குச் செய்யும் சேவைக்கு வரி இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2006இல் எஃப்சிஇ வங்கி வழக்கில் கூறியபோது கிளைக்குப் பெரும் சாதகம் பிறந்தது. 2014இல் ஸ்காண்டியா வழக்கு, பல நிறுவனங்கள் ஒன்றாகப் பதிந்து வரி கட்டும் உள்ளூர் வரிக் குழுவொன்றில் கிளை சேர்ந்திருந்தால் அந்தச் சாதகம் இல்லை என்றது. இந்தியாவின் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டமோ வெளிநாட்டுத் தலைமையகத்தையும் இந்தியக் கிளையையும் தொடக்கத்திலிருந்தே வெவ்வேறு நபர்களாகத்தான் பார்க்கிறது. கணினி அமைப்பு முழுவதையும் தலைமை அலுவலகத்திலிருந்தே நடத்தும் வங்கிக்கு இது சிறு தொகை அல்ல.

தொடக்க கால நஷ்டத்துக்குக் கிளையே பொதுவாக ஏற்றது. தாய்நாடு உலக வருமானம் முழுவதற்கும் வரி விதித்தால், கிளையின் நஷ்டம் தலைமை அலுவலகத்தின் லாபத்தில் கழியும்; துணை நிறுவனத்தின் நஷ்டம் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். பிரிட்டனைப் போல வெளிநாட்டுக் கிளைகளின் லாபத்துக்கு விலக்குத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு உள்ள நாட்டில், அதைத் தேர்ந்த பின் நஷ்டமும் கழியாது. 2011இல் வந்த அந்தத் தேர்வு திரும்பப் பெற முடியாதது என்பதால், முதல் ஆண்டுகளின் நஷ்டம் தீரும்வரை காத்திருப்பதே வழக்கமான உத்தி. 75 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் உள்ள குழுமங்களுக்கான 15 சதவீதக் குறைந்தபட்ச வரி கிளையையும் தனி அலகாகவே எண்ணுவதால், அதை வைத்து இரண்டு வடிவங்களுக்கிடையே தேர்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அமெரிக்கக் கணக்குகளை அறிவிக்கும் ஃபட்கா கடமையும் அப்படியே.

வெளியேறும் வழி

துணை நிறுவனம் வைத்தால் இழப்பு அதன் மூலதனத்தோடு நிற்கும் என்பது சட்டப்புத்தக உண்மை. 2002இல் அர்ஜென்டினா நெருக்கடியின்போது பிரான்சின் கிரெடி அக்ரிகோல் வங்கி தன் மூன்று உள்ளூர் வங்கிகளைக் கைவிட்டு விலகியது. கிளையாக இருந்திருந்தால் அது இயலாது. 2022இல் மற்றொரு பிரெஞ்சு வங்கியான சொசியேட்டே ஜெனரால், ரஷ்யாவின் ரோஸ்பாங்கை விற்று, 300 கோடி யூரோவுக்கும் மேல் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு வெளியேற முடிந்ததும் அது விற்கக்கூடிய தனி நிறுவனமாக இருந்ததால்தான். ஆனால் விருப்பம்போல் விலகும் சுதந்திரம் புகழை விலையாகக் கேட்கிறது. மற்ற நாட்டு மேற்பார்வையாளர்கள் அதை மறப்பதில்லை. சட்ட மீறல்களில் இந்த வேலி பெரிதாகக் காப்பதுமில்லை. பாகிஸ்தானின் ஹபீப் வங்கி 2017இல் நியூயார்க் மேற்பார்வையாளருக்கு 22.5 கோடி டாலர் அபராதம் கட்டி அங்கிருந்த கிளையை மூட நேர்ந்தது. வேலை கிளையில் நடந்தாலும் துணை நிறுவனத்தில் நடந்தாலும் பணச்சலவைத் தடுப்பு விதிகளை மீறினால் தண்டனை தாய் வங்கியின் வாசலுக்கே வந்துசேரும்.

இவற்றை எல்லாம் வைத்துப் பார்த்தால், மொத்த வணிகத்துக்குச் செல்லும் வங்கி கிளையாகத் தொடங்குவதையே நான் ஆதரிப்பேன், இரண்டு நிபந்தனைகளோடு: தாய்நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் இடையே கிளை லாபத்தையும் வட்டியையும் தெளிவாகப் பேசும் ஒப்பந்தம் இருக்க வேண்டும், மூலதன ஒதுக்கீட்டு முறையை வரி அதிகாரிகளோடு முன்கூட்டியே பேசி எழுத்தில் பெறும் வசதியும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத நாட்டில் சிறிய துணை நிறுவனமே நிம்மதி. சில்லறை வணிகம் ஐந்தாண்டுக்குள் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் முதலிலேயே துணை நிறுவனமாகப் போவது நல்லது.

நடுவழியில் மாறுவதற்கான செலவையும் விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டறிய வேண்டும். கிளையின் சொத்துகள் புதிய நிறுவனத்துக்கு மாறும்போது மூலதன ஆதாய வரி வருமா, கடந்த கால நஷ்டம் கூடவே வருமா, ஒவ்வொரு கடன் ஒப்பந்தத்துக்கும் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டுமா என்பவை பெரிய கேள்விகள். இந்தியா இத்தகைய மாற்றத்துக்கு மூலதன ஆதாய வரிவிலக்கைத் தனிச் சட்டப் பிரிவாகவே சேர்த்தது. 2013 நவம்பரில் ரிசர்வ் வங்கி 500 கோடி ரூபாய் குறைந்தபட்ச மூலதனத்தோடு முழு உரிமைத் துணை நிறுவனத்துக்கான விதிகளை வெளியிட்டு, கிளைகள் திறப்பதில் ஏறத்தாழ இந்திய வங்கிகளுக்கு இணையான உரிமையையும் தந்தது. அதன் மறுபக்கம், இயக்குநர்களில் குறைந்தது பாதிப் பேர் இந்தியர்களாகவோ வெளிநாடுவாழ் இந்தியர்களாகவோ இந்திய வம்சாவளியினராகவோ இருக்க வேண்டும். முன்னுரிமைத் துறைக் கடன் கடமையும் முழுமையாக வந்துசேரும். அந்த விலையைக் கொடுத்து முதலில் முன்வந்தவை 2018இல் மொரீஷியஸின் எஸ்பிஎம் வங்கியும் 2019இல் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியும். டிபிஎஸ், அடுத்த ஆண்டே லட்சுமி விலாஸ் வங்கியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கிளை வடிவத்திலேயே நீடித்திருந்தால் அந்த இணைப்புக்கு அதன் பெயரே பரிசீலனைக்கு வந்திருக்காது.